சிங்கப்பூர்ப் பாடகி கிட் சானை மேடையில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

2017 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் எஸ்பிளனேட் அரங்கில் ‘ஃபர்பிடன் சிட்டி’ பார்த்தேன். சீனப் பேரரசி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஆங்கில இசைநாடகம், இசை டிக் லீ. 2002ல் எஸ்பிளனேட் திறந்தபோது அதற்காகவே உருவாக்கியது. அப்போதும் கிட் சான்தான் பேரரசி, 15 வருடம் கழித்தும் அவரேதான். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மேல் மாடத்தில் கடைசிக்கு முந்தின வரிசை எடுத்தேன். அங்கிருந்து முகம் சரியாகத் தெரியாது, பட்டு உடையும் தலை அலங்காரமும்தான் தெரியும். ஆனால் ஒரு சொல்கூடத் தவறவில்லை. தாழ்ந்த குரலில் பாடும்போதும் சொல்லின் கடைசி மெய்யெழுத்து அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது.

எனக்கு இது ஏன் பெரிதாகப் பட்டது என்றால், சின்ன வயதில் நான் கேட்ட கிட் சான் வேறு. ஈசூனில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி ‘சின் தோங்’ கேசட்டைத் தேயத் தேயப் போடுவார். 1994ல் தைவானில் வந்த மாண்டரின் பாட்டு. மன வலி என்று அர்த்தம் சொன்னதும் அந்த ஆன்ட்டிதான். மாண்டரினில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும், இல்லாவிட்டால் ன், ங். பாட்டு கற்றவர்களுக்குப் புரியும், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கார்வை கொடுக்கலாம், அதாவது சுரத்தை நீட்டிப் பிடிக்கலாம். அவர் கொடுப்பார், மூச்சு மெல்லக் கரைகிற வரைக்கும்.

அப்புறம் 1997ல் ஹாங்காங்கில் பாடகர் ஜாக்கி சியுங்கின் ‘ஸ்னோ வுல்ஃப் லேக்’ இசைநாடகம். ஹுங் ஹாம் அரங்கில் 42 காட்சிகள், சாண்டி லாமும் கிட் சானும் உடன் நடித்தார்கள், முழுக்கக் காண்டனீஸ். அந்த மொழியில் ப், ட், க் என்று பட்டென்று அடைபடும் சொற்கள் நிறைய, அங்கே கார்வைக்கு இடமே கிடையாது, சொல் முடிந்த இடத்தில் குரலும் நின்றாக வேண்டும். 1979ல் அரசாங்கத்தின் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு சிங்கப்பூர் டிவியில் காண்டனீஸ் கேட்பதே அரிதாகிப்போனது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பெண் ஹாங்காங்காரர்கள் முன்னால் அவர்கள் மொழியிலேயே இரவுக்கு இரவு பாடி நடித்திருக்கிறார். அந்த நாடகத்தின் இசைத்தட்டை நான் பல வருடம் கழித்துத்தான் கேட்டேன். எஸ்பிளனேடில் அந்தக் கடைசி மெய்கள் காதில் விழுந்தபோது, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இது என் ஊகம்தான், ஆனால் விட மனம் வரவில்லை.

—

நான் நாடகம் பார்த்ததில்லை. எனக்கு அவர் என்றால் ‘ஹோம்’ பாட்டுத்தான். 1998 தேசிய தினத்துக்கு வந்தது, அதையும் டிக் லீதான் எழுதினார். அப்போது நான் தொடக்கநிலை மூன்று. மண்டபத்தில் தரையில் உட்கார வைத்து, புரொஜெக்டரில் வரிகளைப் போட்டு ஆசிரியை சொல்லிக்கொடுத்தார். அதே வாரம் சீனப் பிள்ளைகள் எங்களோடு சேர்ந்து ‘முன்னேறு வாலிபா’ என்ற தமிழ்ப் பாட்டைப் பாடப் பழகினார்கள். என் பக்கத்தில் இருந்த தோழிக்கு ‘ற’ வராது, நான் திருத்தித் திருத்திப் பார்த்தேன். ‘ஹோம்’ மாண்டரினிலும் அவர் பாடியிருக்கிறார் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள், அடுத்த நாள் அதைப் பாடியும் காட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, மெட்டு தெரிந்ததால் கூடவே முனகினேன்.

—

முதலில் எழுதியவருக்கு: நானும் அதே 2017 நாடகம் பார்த்தேன், கீழே நடு வரிசையில். இடையில் சில வருடம் பாட்டுத் துறையை விட்டே விலகி இருந்தவர் என்பது தெரிந்ததால் கொஞ்சம் பயத்தோடுதான் போனேன். முதல் பாட்டிலேயே பயம் போய்விட்டது. அவர் கண்ணை மூடாமல் பாடுகிறார், அதை மேல் மாடத்திலிருந்து நீங்கள் பார்த்திருக்க முடியாது. எதிரே நிற்கும் ஆளைப் பார்த்தபடி பேசுவதுபோலத் தொடங்கி, எந்த இடத்தில் பேச்சு பாட்டாக மாறியது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த ஹாங்காங் இசைத்தட்டு உங்களிடம் இன்னும் இருக்கிறதா? கேட்க வேண்டும்.