பிரிந்த பேண்டு திரும்பச் சேர்ந்தால் சரிவருமா?

மண்டபம் டிரம்ஸ்:
தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் திருவிழா மேடைகளில் நாலு பேராக ராக் வாசித்துக்கொண்டிருந்தோம். காசு பிரிப்பதில் தகராறாகி கிடார்க்காரன் போய்விட்டான், அவன் விட்டுப்போன கிடார் என் வீட்டு உப்புக்காற்றில் கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. இப்போது திரும்ப வருகிறேன் என்கிறான், ஆனால் பேண்டு பெயர் தன்னுடையதாம். சேர்க்கலாமா?

கீழக்கரைக்காரன்:
பெயர்ச் சண்டை பெரிய இடத்திலேயே நடந்ததுதான் தம்பி. பிங்க் ஃபிளாய்டு என்ற இங்கிலாந்து ராக் பேண்டிலிருந்து 1985இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், நானில்லாமல் அந்தப் பெயரே கூடாது என்று கோர்ட் வரை போனார். பேண்டில் மிச்சமிருந்த கில்மோரும் மேசனும் விடவில்லை, 1987இல் சமரசமாகி பெயர் அவர்களிடமே நின்றது. அதைவிடக் கூத்து அதே பேண்டின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் கதை: 'தி வால்' ஆல்பம் பதிவின்போது வெளியே தள்ளி, அப்புறம் அதே ஆல்பத்தின் கச்சேரிகளுக்குச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். செலவு எகிறி மற்ற மூவருக்கும் நஷ்டம், காசு பார்த்தது சம்பள ஆள் மட்டும்தான்!

தொண்டி அக்கா:
2005இல் லைவ் 8 என்ற பொதுநலக் கச்சேரியில் நால்வரும் ஒரே மேடையில் நின்றார்களே, அதையும் சொல்லுங்கண்ணே. அந்த ஒரு நாளோடு சரி, 2008இல் ரைட் இறந்துவிட்டார். தம்பி, முதலில் ஒரே ஒரு கச்சேரிக்குக் கூப்பிடு, வேன், ஸ்பீக்கர் வாடகை போக மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்று முன்னாடியே எழுதி வை.

மண்டபம் டிரம்ஸ்:
கேட்டேன்க்கா. கையெழுத்துப் போடுகிறானாம், பேனரில் அவன் படம் மட்டும் பெரிதாக இருக்கணுமாம்.