மகனுக்கு சிஏஎச் என்கிறார்கள், வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டுமா?

புது அப்பா:
மகன் பிறந்து 24 நாள் ஆகிறது. பிறக்கும்போது 3.1 கிலோ, ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்தில் பால் குடிப்பது குறைந்தது, குடித்ததையும் கக்கினான், எந்நேரமும் தூக்கம். குழந்தைகள் கக்குவது சகஜம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து 2.6 கிலோவில், தட்டி எழுப்பினாலும் கண் திறக்காத நிலையில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம், அப்புறம் 17-ஓஎச்பி என்ற ஹார்மோன் அளவை ரத்தத்தில் பார்த்துவிட்டு சிஏஎச் (பிறவியிலேயே வரும் அட்ரினல் சுரப்பிக் கோளாறு) என்றார்கள். இப்போது தேறி வருகிறான். இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாதது இவனுக்கு எப்படி வந்தது? ஸ்டீராய்டு என்றதும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள், கொஞ்ச நாளில் நிறுத்திவிடு என்கிறார்கள். நிறுத்தலாமா?

ஒன்பது வயதுக்காரியின் அம்மா:
நிறுத்தவே கூடாது, ஒரு நாள்கூட. எனக்கும் அந்த வார்த்தையைக் கேட்டு வயிறு கலங்கியது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி எல்லோருக்கும் தினமும் கார்டிசால் சுரக்கிறது, அதுவே ஒரு ஸ்டீராய்டுதான். அதைச் செய்யத் தேவையான 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி நம் பிள்ளைகளுக்குச் சரியாக வேலை செய்வதில்லை (சிஏஎச் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதுதான் காரணம்). கார்டிசால் போதவில்லை என்று மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அட்ரினலை விரட்டிக்கொண்டே இருக்கிறது, அதுவும் வீங்கி வீங்கி உழைக்கிறது, ஆனால் வழி அடைபட்டதால் சரக்கெல்லாம் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடுகிறது. உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் குறைந்துவிடுவதால்தான் உங்கள் மகனுக்குச் சோடியம் இறங்கியது. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை என்பது அவன் உடல் செய்ய வேண்டியதை வெளியிலிருந்து கொடுப்பது, அவ்வளவுதான். அளவு கூடினால் வளர்ச்சி மந்தமாகும், குறைந்தால் ஆண் ஹார்மோன் ஏறி எலும்பு வயதுக்கு முந்தி முதிர்ந்து கடைசியில் உயரம் குறையும், அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை, உயரம், எலும்பு வயது என்று விடாமல் பார்க்கிறார்கள்.

என் மகளுக்குப் பிறப்புறுப்பு வேறு மாதிரி இருந்ததால் முதல் நாளே சந்தேகப்பட்டார்கள். ஆண் குழந்தைக்கு வெளியே எதுவும் தெரியாது, பிறந்ததும் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்காவிட்டால் இப்படி மயங்கிய பிறகுதான் தெரிகிறது. உங்கள் மீது எந்தத் தப்பும் இல்லை.

குழந்தைகள் வார்டு செவிலி:
எப்படி வந்தது என்று கேட்டீர்கள். தாய், தந்தை இருவரிடமும் அந்த மரபணு ஒன்று நன்றாகவும் ஒன்று பழுதாகவும் இருந்திருக்கும், நல்லது ஒன்று இருந்தாலே போதும் என்பதால் உங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது, பழுதான இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு, எனவே அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நல்ல உடலில் கார்டிசால் தானாகவே கூடும், இவனுக்கு அப்படிக் கூடுவதில்லை, நீங்கள்தான் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். எத்தனை மடங்கு, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்குப் பொதுவாக 25 மில்லிகிராம், தொடையில். வீடு திரும்பும் முன் அந்த ஊசியைப் போடக் கற்றுத்தராமல் அனுப்பினால் கிளம்பாதீர்கள்.

புது அப்பா:
இருவருக்கும் நன்றி, படித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். மாத்திரையை இவ்வளவு சின்ன வாய்க்கு எப்படிக் கொடுப்பது? உப்பும் கொடுக்கச் சொல்கிறார்களே?

ஒன்பது வயதுக்காரியின் அம்மா:
இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து மாவாக நசுக்கி, சில சொட்டு நீரில் கலக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாக விடுங்கள், அப்புறம் பால். ஒரு நாளுக்கானதை மொத்தமாகக் கரைத்து வைக்காதீர்கள், தூள் அடியில் தங்கி ஒரு வேளை குறையும், ஒரு வேளை கூடும். தாய்ப்பாலிலும் பால் பவுடரிலும் சோடியம் குறைவு, அதனால் முதல் வருடம் ஃப்ளூட்ரோகார்டிசோனோடு (ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாத்திரை) உப்பும் தேவை, பெரும்பாலும் நாளுக்கு 1 முதல் 2 கிராம் வரை, பல வேளையாகப் பிரித்து. கண் அளவில் போடாதீர்கள், மருந்துக்கடையில் எடைபோட்டு மடித்த பொட்டலமாக வாங்குங்கள். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் கொடுத்தோமா இல்லையா என்று குழப்பம் வரும், நாங்கள் தொட்டிலுக்கு மேலே ஒரு தாள் ஒட்டி, கொடுத்ததும் அவர் ஒரு கோடு, நான் ஒரு கோடு போட்டு வைத்தோம்.