புதிய சேவையை உருவாக்கச் சொன்னால் எல்லோரும் 'ஆப்' என்றே வருகிறார்கள், எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர்: மலைரயில்_வாத்தியார்

வணக்கம். ஊட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பிபிஏ மூன்றாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் சேவைத் தொழில் பற்றிய பாடம் என் கைக்கு வந்திருக்கிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு புதிய சேவையை யோசித்து, நடத்திப் பார்த்து, கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும். மொத்தம் 42 பேர். மஞ்சூர், கோத்தகிரி, குன்னூர் என்று மலையின் எல்லா மூலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகள்.

போன வாரம் யோசனைகளைக் கேட்டேன். எட்டுக் குழுவில் ஏழு குழு ஆப் என்றது. டாக்சிக்கு ஒன்று, ஹோம்ஸ்டேக்கு ஒன்று, கேரட் விற்க ஒன்று, இப்படி. சரி, இதை முதலில் பயன்படுத்தப் போகிற ஆள் யார், அவர் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது.

அதே வகுப்பில் மஞ்சூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர். இரத்தப் பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஊட்டி வந்தாராம், முடிவு மறுநாள்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டதால் அதை வாங்க இன்னொரு நாள் கூலியும் போயிற்றாம். வகுப்பு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள். இதையே எடுத்துச் செய்யலாமே என்றேன். "இது எங்க வீட்டுப் பிரச்சினை சார், ஐடியா இல்ல" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

மிச்சம் இருப்பது பதின்மூன்று வாரம். பணம் எதுவும் கிடையாது. துறையில் பிபிடியும் (திரையில் காட்டும் ஸ்லைடுகள்) அறிக்கையும் எதிர்பார்க்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

---

குன்னூர்_நடை

சார், கோவையில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை எட்டு வருடம் எடுத்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். முதல் மூன்று வாரம் யோசனையே கேட்காதீர்கள். யோசனை கேட்டால் செல்போனில் பார்த்ததைத்தான் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பார்த்த சேவையெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு அவருடைய ஒரு நாளைக் கூடவே இருந்து பார்க்கட்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை எங்கே நின்றார், எதற்காகக் காத்திருந்தார், யாரிடம் கேட்டார், எந்தத் தகவல் தெரியாமல் ஒரு நடை வீணாகப் போனது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும். மஞ்சூர் அம்மாவின் அந்த இரண்டு நாளை அப்படியே கரும்பலகையில் வரைந்து பாருங்கள், எந்த இடத்தில் கூலி போகிறது என்று வகுப்பே பார்த்துவிடும். அந்தப் பெண்ணும் தன் வீட்டு விஷயம் பாடத்தின் நடுவில் இருப்பதைப் பார்ப்பாள்.

இப்படி வரைவதற்கு ஒரு முறையே உண்டு. லின் ஷோஸ்டாக் என்ற வங்கி நிர்வாகி 1984-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது. தெருமுனையில் ஷூ பாலிஷ் போடும் ஒரு கடையை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு படியையும் படமாக வரைந்து, எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே தவறு நடக்கலாம் (வேறு நிறப் பாலிஷைப் பூசிவிடுவது போல), தவறினால் எப்படிச் சரிசெய்வது என்று குறித்தார். நடுவில் ஒரு கோடு. அதற்கு மேலே வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிற வேலை, கீழே தெரியாத வேலை. பாலிஷ் வாங்கி வைப்பது கோட்டுக்குக் கீழே. என் மாணவர்களுக்கு இந்த ஒரு கோடு புரிந்த அன்றுதான் பாடமே புரிந்தது, ஏனென்றால் அவர்கள் யோசித்த ஆப்பில் எல்லாம் கோட்டுக்குக் கீழே ஒன்றுமே இருக்காது, பட்டனை அழுத்தினால் கேரட் தானாக வந்து சேரும் என்பது போலத்தான் இருக்கும்.

நாலாவது வாரத்திலிருந்து கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டு, ஒரு போன், இரண்டு வீடு. உங்கள் மாணவர்கள் தினமும் ஊட்டிக்கு வந்து சாயங்காலம் ஊர் திரும்புகிறவர்கள். அந்தப் பரிசோதனை முடிவை வாங்கிப்போக இதைவிட வசதியான ஆள் வேறு யார்? முடிவை இவரிடம் கொடுக்கலாம் என்று நோயாளி கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று, ஒட்டிய உறை ஒன்று, அவ்வளவுதான் தேவை. உறையைப் பிரிக்கக் கூடாது, யாருக்கு என்ன நோய் என்று கல்லூரியில் பேசக் கூடாது, இதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

---

இரண்டு_ஏக்கர்

நான் ஆசிரியர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயி, தேயிலைதான். மேலே எழுதியிருப்பது நல்ல முறைதான், ஆனால் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு மாணவர்கள் மூன்று தடவை வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு தடவை படிவத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள், அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மூன்றாவதாக வந்த பிள்ளைகள் உண்மையிலேயே நல்ல காரியம் செய்தார்கள். கவாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலைக்கு, ஆள் கிடைக்காமல் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் எந்த நாளில் எத்தனை ஆள் சும்மா இருக்கிறார்கள் என்று தாங்களே போன் போட்டுக் கேட்டு, வாட்ஸ்அப்பில் தினமும் இரவு எட்டு மணிக்குப் போடுவார்கள். இரண்டு மாதம் பிரமாதமாக நடந்தது. நானும் வழக்கமாக வருகிற மேஸ்திரியிடம் சொல்லி வைப்பதை விட்டுவிட்டேன்.

அப்புறம் தேர்வு வந்தது. ஒரு நாள் இரவு தகவல் இல்லை, மறுநாளும் இல்லை, கேட்டால் பதில் இல்லை. மேஸ்திரி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார், அந்த வருடம் பாதித் தோட்டம் கவாத்து ஆகாமலே நின்றது. பிள்ளைகள் மேல் கோபம் இல்லை, அவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொருளை விற்றால் வாங்கியவன் கையில் பொருளாவது இருக்கும். சேவையை நம்பினவன் தன்னிடம் ஏற்கெனவே இருந்த வழியை விட்டுவிட்டு வருகிறான், நீங்கள் நின்றால் அவனுக்குப் பழைய வழியும் இருக்காது.

அதனால் உங்கள் மாணவர்கள் எதைத் தொடங்கினாலும் என்றைக்கு நிற்கும் என்று முதல் நாளே தேதி சொல்லட்டும். தேதிக்குப் பிறகு யார் நடத்துவார்கள் என்று தேடுவதும் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

---

பூம்பாறை_பாதை

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இரண்டு ஏக்கர் அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு.

எங்கள் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் மலைப்பூண்டுக்குப் பேர் போன ஊர்கள், 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூண்டு கீழே வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. அன்றைக்கு விலை என்ன என்பது மூட்டையை ஏற்றிக்கொண்டு கீழே போன பிறகுதான் பலருக்குத் தெரியும். என் மாணவிகள் நாலு பேர் ஒரு கரும்பலகையை எடுத்து டீக்கடைத் திண்ணையில் சாய்த்து வைத்து, சந்தைக்குப் போன் செய்து தர வாரியாக விலையை எழுதினார்கள். முதல் வாரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் என்னவென்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இவர்கள் காலை ஒன்பது மணிக்கு எழுதுகிறார்கள், வண்டி அதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. சந்தை முடிந்த விலையை முந்தின நாள் சாயங்காலமே எழுத ஆரம்பித்தார்கள். கூட்டம் கூடியது. இதையே ஆப்பாகச் செய்திருந்தால் ஒருவரும் திறக்கவில்லை என்ற எண்ணிக்கை மட்டும்தான் கிடைத்திருக்கும், ஏன் என்பது தெரிந்திருக்காது.

பருவம் முடிவதற்கு மூன்று வாரம் முன்பே டீக்கடை அக்காவிடம் வேலையைப் பழக்கிவிட்டார்கள். பலகை அவர் கடையில் இருந்தால் சாயங்காலம் நாலு பேர் கூடுதலாக டீ குடிப்பார்கள் என்பதால் அவரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். இன்றைக்கும் அவர்தான் எழுதுகிறார்.

---

மலைரயில்_வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஏக்கர் ஐயா, உங்கள் பதிலை நாளை வகுப்பில் அப்படியே வாசிக்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். துறைத் தலைவர் "இதில் புதுமை எங்கே இருக்கிறது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதும் கரும்பலகையில் எழுதுவதும் புதுமையா?" என்று கேட்பார். என்ன பதில் சொல்வது?

---

குன்னூர்_நடை

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்லுங்கள் சார். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவை அவர் கண்டுபிடித்தது இல்லை. செய்கிற வரிசையைத்தான் மாற்றினார்கள். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார், கிராமத்துப் பெண்களைப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டு மருத்துவர் செய்ய வேண்டியில்லாத வேலையையெல்லாம் அவர்கள் பார்க்கும்படி செய்தார்கள். முகாமுக்கு வந்தவரைப் பேருந்திலேயே கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, அறுவை முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடுவதும் சேவைக்குள்ளேயே அடக்கம். சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் காசும் துணைக்கு ஆளும் இல்லாதவர் வரமாட்டாரே. நம் ஊரில் நடந்த புதுமை இது, உலகத்தில் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் விஷயத்திலும் ஒன்று செய்யுங்கள். வாய்மொழித் தேர்வு அன்று அந்தச் சேவையைப் பயன்படுத்திய ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள், வர முடியாவிட்டால் போனில் பேசட்டும். பிபிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு ஆள்கூடப் பயன்படுத்தாவிட்டால் பாதி மதிப்பெண்தான். சேவை தோற்றுப்போய், ஏன் தோற்றது என்று நேரத்தோடு தேதியோடு எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுங்கள்.

---

மலைரயில்_வாத்தியார்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் இரண்டு நாளையும் அந்தப் பெண்ணே கரும்பலகையில் வரைந்தாள். வரைந்து முடிப்பதற்குள் கூடலூரிலிருந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் எழுந்து, தன் பாட்டிக்கும் இதேதான் நடந்தது என்றான். அப்புறம் இன்னும் மூன்று பேர்.

இப்போது அவள் குழு தன் தெருவில் இரண்டு வீட்டுக்கு மட்டும் செய்கிறது. கடிதத்தை அவளே தமிழில் எழுதினாள். அதன் கடைசி வரியில் பருவம் முடியும் தேதி இருக்கிறது. முதல் உறை வியாழக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தது, பக்கத்து வீட்டு அம்மா அன்று வேலைக்குப் போயிருந்தார்.