இரண்டு பார்ட் டைம் வேலை: பென்ஷன் வருசம் சேருமோ?

தென்றல்:
லண்டனில அக்கா இரண்டு இடத்தில வேலை செய்யிறா. கடையில கிழமைக்கு 10 மணித்தியாலம், ஒஃபிஸ் கிளீனிங் 9. இரண்டும் மினிமம் வேஜ், 12.21 பவுண். மொத்தம் 232 பவுண் அளவில வருது. பேஸ்லிப்பில நேஷனல் இன்சூரன்ஸ் (அரச பென்ஷனுக்கெண்டு சம்பளத்தில வெட்டிற காசு) 0.00. 2025-26 வருசம் பென்ஷனுக்குச் சேருமோ?

கணக்கர்:
சேராது. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாத்தான் பார்ப்பினம். ஒரே முதலாளியிட்ட கிழமைக்கு 125 பவுணாவது வரவேணும். கடையில 122.10, கிளீனிங்கில 109.89. கூட்டினா வருசத்துக்கு 12,000 தாண்டுது, ஆனா கணக்கில பூச்சியம். விசர்ச் சட்டம்.

0.00 எண்டதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. 125க்கும் 242க்கும் இடையில சம்பளம் எண்டா காசு வெட்டாமலே கட்டினதாப் பதிவினம். சம்பளத் தொகையைப் பாருங்கோ.

கடையில கால் மணித்தியாலம் கூட்டினா 125.15. ஆனா வருசத்துக்கு 6,500 பவுண் சேரவேணும், 125க்குக் குறைஞ்ச கிழமை அதில சேராது. சம்பளமில்லாத லீவு ஒரு கிழமை எடுத்தாலே வருசம் போயிடும். ஏப்ரலில இருந்தே 11 மணித்தியாலமா வைக்கிறது புத்தி.

பனங்கொட்டை:
விடுபட்ட வருசத்துக்குக் கைக்காசு கட்ட முதல் கிரெடிட் (காசு கட்டாமலே பென்ஷனுக்குச் சேருற பதிவு) இருக்கோ எண்டு பாருங்கோ. 12 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்து சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) அக்கான்ர பேரில எண்டா வருசம் தானாச் சேரும். கன வீட்டில அது முழுநேரம் உழைக்கிற அத்தான்ர பேரில கிடக்கும். அவருக்கு அந்தக் கிரெடிட் தேவையில்லை, அக்காவுக்கு மாத்தலாம். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கான அரச உதவி) எடுத்தாலும் அந்தப் பதிவு கிடைக்கும்.

ஒண்டும் இல்லையெண்டா கிளாஸ் 3 (தானா விரும்பிக் கட்டிற நேஷனல் இன்சூரன்ஸ்): 2025-26இல கிழமைக்கு 17.75, வருசத்துக்கு 923 பவுண். ஒரு வருசம் கூடினா பென்ஷன் கிழமைக்கு 6.58 ஏறும், மூண்டு வருசத்துக்குள்ள போட்ட காசு திரும்பும். ஆனா பென்ஷன் வயசுக்கு முதல் எப்பிடியும் முழுப் பென்ஷனுக்கான 35 வருசம் நிரம்புமெண்டா கட்டிறது வீண். 10 வருசம் இல்லாட்டி பென்ஷனே இல்லை. அரசாங்க வெப்சைட்டில பென்ஷன் ஃபோர்காஸ்ட் பார்த்திட்டுக் கட்டச் சொல்லுங்கோ.

தென்றல்:
பிள்ளைக்கு 14 வயசு. பென்ஷனைத் தவிர வேற ஏதும் அடிபடுமோ?

கணக்கர்:
அடிபடும். முதலாளி குடுக்கிற சிக் பேக்கும் மெட்டர்னிட்டி பேக்கும் 2025-26இல இதே 125 கோடுதான், அதுவும் ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியா. வேலை போனா எடுக்கிற நியூ ஸ்டைல் ஜொப்சீக்கர்ஸ் அலவன்சும் கிடைக்காது. கிளாஸ் 3 கட்டினாலும் அதுக்கு உதவாது, அது பென்ஷனுக்கு மட்டும்.

அரசாங்கம் குடுக்கிற மெட்டர்னிட்டி அலவன்ஸ் மட்டும் வேற மாதிரி. அதில இரண்டு சம்பளத்தையும் கூட்டுவினம். பிள்ளை பிறக்கிற கிழமைக்கு முந்தின 66 கிழமையில 26 கிழமை வேலையும், அதில 13 கிழமையில சராசரி கிழமைக்கு 30 பவுணும் இருந்தாப் போதும்.