பிறைபோல் வெட்டுப்பட்ட நாணயம்: அச்சடிப்புப் பிழையா, பின்னால் நேர்ந்த சேதமா?

செல்லாக்காசு:
என்னிடமுள்ள ஒரு நாணயத்தின் விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. முகப்பின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடும் ஓடுகிறது. இரண்டும் நாணயச்சாலையில் நேர்ந்தவை என்கிறான் என் தம்பி. யாரோ அரம் போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். எப்படித் தீர்ப்பது?

பத்துமடங்கு லென்ஸ்:
முதலில் கோடு. அது மேடா, பள்ளமா? உருவத்தைப் பதிக்கும் அச்சில் விரிசல் விட்டிருந்தால், அடி விழும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகும். நாணயத்தில் கோடு புடைத்து நிற்கும். பள்ளமாக இருந்து இரு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருந்தால் வெறும் கீறல். அதோடு விட்டுவிடுங்கள்.

பிறைதான் சுவையானது. எல்லோரும் வெட்டையே உற்றுப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். தகட்டில் ஏற்கெனவே வில்லை (உருவம் பதியாத வெற்று வட்டு) எடுத்த துளையின்மேல் வெட்டுக்கருவி மறுபடி விழும்போதுதான் உண்மையான பிறை உண்டாகிறது. விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் அந்த வில்லை உருளும்போது, குறைபட்ட இடத்தில் பிடிமானம் இருக்காது. அதனால் எதிர்ப்புறமும் அழுத்தம் குறைந்து, விளிம்பு மங்கலாகவே நிற்கும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். எல்லாப் பிறைகளிலும் இது தெரியாது. ஆனால் அரம் பிடிப்பவருக்கு எதிர்ப்பக்கத்தின் நினைப்பே வருவதில்லை!

எடை போட்டுப் பயனில்லை. இரண்டு வகையிலும் எடை குறையத்தான் செய்யும்.

மழைக்குருவி:
இடையில் ஒரு கேள்வி. என் நாணயமொன்றில் எழுத்துகள் இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கின்றன. அரிய பிழைதானே?

பத்துமடங்கு லென்ஸ்:
அவற்றுக்கு அடியில் அந்தப் பக்கத்துக்குரிய சொந்த உருவம் நசுங்கிய நிலையில் தெரிகிறதா? தெரிந்தால், இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறைப் பிடியில் நெரித்திருக்கிறார்கள். முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் வரும் உண்மைப் பிழையில், சொந்த உருவம் பதியவே வழியில்லை. இந்த வித்தையைக் காட்டி விற்பவர்கள்மேல் எனக்குப் பொறுமை கிடையாது.

செல்லாக்காசு:
பார்த்துவிட்டேன், ஐயா. கோடு மேடுதான். எதிர் விளிம்பு கூர்மையாக, முழுமையாக இருக்கிறது. வெட்டின் உள்முகத்தில் நுண்ணிய இணைகோடுகள். அங்குள்ள எழுத்து கத்தரித்ததுபோல் பாதியில் நிற்கிறது.

பத்துமடங்கு லென்ஸ்:
அப்படியென்றால் விரிசல் அசல், பிறை அரவேலை. உண்மைப் பிறையாக இருந்தால், அடி வாங்கிய உலோகம் வெட்டின் பக்கம் நெகிழ்ந்து, எழுத்தும் அங்கே சற்று இழுபட்டிருக்கும். சந்தையில் இதைப் பிழை நாணயமாக மதிக்க மாட்டார்கள். ஆனாலும் மெருகேற்றிவிடாதீர்கள், விரிசல் கோட்டின் மேடும் தேய்ந்துவிடும்.