கூட்டு நிர்வாகியான அண்ணன் தனியாக வீட்டை விற்க முடியுமா?

மந்தைவெளி வாசகி:
அம்மா உயில் எழுதி வீட்டை எனக்கும் அண்ணனுக்கும் விட்டுப் போனார். உயிலை நிறைவேற்ற யாரையும் நியமிக்கவில்லை. அதனால் இருவரும் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் (எங்களை அம்மா சொத்தின் நிர்வாகிகளாக்கும் நீதிமன்ற ஆவணம்) வாங்கினோம். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தையல் கடை. இரண்டு வாடகையும் அண்ணனின் கூகுள் பேவுக்குத்தான் போகிறது. கணக்கு கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்கிறார். போன வாரம் தையல்காரர் போன் செய்தார். புரோக்கர் ஒருவர் டேப்போடு வந்து மாடிப்படி வரை அளந்துவிட்டுப் போனாராம், அட்வான்ஸும் கைமாறிவிட்டதாம். அண்ணனைக் கேட்டால், "ரெண்டு பேர்ல ஒருத்தர் கையெழுத்து போதும்" என்கிறார். உண்மையா? அண்ணனோடு உறவை முறித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அம்மா கொடுத்ததை விட்டுத்தரவும் முடியாது.

பாரிமுனை வக்கீல்:
பாதிதான் சரி, சகோதரி. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 311ஆவது பிரிவுப்படி, வேறு உத்தரவு இல்லாவிட்டால் நிர்வாகிகளில் ஒருவரே எல்லோருடைய அதிகாரத்தையும் செலுத்தலாம். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் 307 இருக்கிறதே! இறந்தவர் இந்து என்றால், நிர்வாகி அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ அந்த நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், அதைச் செல்லாததாக்கச் சொல்லி நீங்கள் வழக்குப் போடலாம்.

பழைய குமாஸ்தா:
அம்மா, ஒன்று கேட்கிறேன். 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியல், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, இரண்டும் கோர்ட்டில் தாக்கல் ஆனதா? 317ஆவது பிரிவு. அது உங்கள் கடமையும்தான். தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே விட்டால், 263இன்படி கொடுத்த உரிமையையே ரத்து செய்யலாம். அண்ணன் தரவில்லை என்று காத்திருக்காதீர்கள். தெரிந்த கணக்கை நீங்கள் தாக்கல் செய்து, மீதியை அவர் காட்ட உத்தரவு கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், நிர்வாகியை நீக்க 301இன்கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

திருச்சி மருமகள்:
என் மாமனார் சொத்திலும் இதே கதைதான். முதலில் வாங்க வந்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். அனுமதி இல்லை என்று தெரிந்ததும் அவரே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அப்புறம்தான் கொழுந்தன் பேச வந்தார்.

மந்தைவெளி வாசகி:
எல்லோருக்கும் நன்றி. கணக்கு இதுவரை தாக்கல் ஆகவில்லை. தையல்காரர் மாதாமாதம் அனுப்பிய பண விவரத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை அதோடு வக்கீலைப் பார்க்கிறேன். வாங்குபவர் யார் என்று புரோக்கரிடம் கேட்டிருக்கிறேன்.