மெய்நிகர் அறையில் ஆட்டிசச் சோதனை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கயல்அம்மா:
நாங்கள் இருப்பது ஸ்பெயினில், வலென்சியாவில். பையனுக்கு ஐந்து வயது நடந்தபோது ஆட்டிசமா என்று பார்க்க ஆரம்பித்தோம். முதலில் வழக்கமான சோதனைதான். மேஜை, பொம்மைகள், எதிரில் ஒரு உளவியலாளர். அவர் ஸ்பானிஷில் கேட்கிறார், இவனுக்கோ வீட்டில் தமிழ்தான். மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "வீட்டில் எப்படி இருப்பான்?" என்று என்னிடம் கேட்டுத்தான் பாதி அறிக்கையை எழுதினார்கள். எனக்கே என் பதில்மேல் நம்பிக்கை இல்லை.

அப்புறம் ஒரு ஆய்வுக்காக மெய்நிகர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தலையில் கண்ணாடி மாட்டுவார்களோ என்று பயந்தேன், இவன் தொப்பியே போடமாட்டான். நல்லவேளை, அது இல்லை. சுவர்களிலேயே காட்சி ஓடும் ஒரு அறை, ஓரத்தில் அசைவைப் பதிவு செய்யும் கேமரா, அவ்வளவுதான். வியர்வையை அளக்கக் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் கழற்றி எறிந்தான்.

சுவரில் ஒரு சிறுமி வந்து கை ஆட்டினாள். இவன் அவளைப் பார்க்கவே இல்லை. இரண்டு சுவர் சேரும் மூலையில் காட்சி மடங்குகிறதே, அதைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் கதவிடுக்கை இப்படித்தான் பார்ப்பான். தினமும் பார்க்கிற விஷயம், ஆனால் மேஜை முன்னால் உட்கார்ந்து பதில் சொன்ன அன்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

மதுரை சிறப்பாசிரியை:
அந்த ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மரியானோ அல்கானிஸ் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதே மாதிரிதான். ஆட்டிசம் உள்ள 24 குழந்தைகள், இல்லாத 25 பேர். காட்சி, ஒலி, வாசனை மூன்றையும் கொடுத்து உடல் அசைவைக் கணினி கணக்குப் போட்டது. தலை அசைவை வைத்தே நூற்றுக்கு 80க்கு மேல் சரியாகப் பிரித்தது. ஆனாலும் 49 பிள்ளைகளை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாது. நம் ஊரில் ஆட்டிசத்தை மதிப்பிட ஐசா (ISAA) என்ற அளவுகோல்: 40 கேள்வி, 70 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஆட்டிசம். பெற்றோரின் ஞாபகத்தை நம்பித்தான் அதிலும் பாதி ஓடும். "ஹெட்செட் வாங்கி நாமே பார்க்கலாமா?" என்று ஒரு அப்பா கேட்டார். தயவுசெய்து வேண்டாம். கடையில் விற்பவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கானவை அல்ல.

34இல் தெரிந்தவள்:
எனக்கு ஆட்டிசம் என்று 34 வயதில்தான் தெரிந்தது. ஒரு சந்தேகம். அந்த அறையில் என்னை விட்டிருந்தால் நான் அந்தச் சிறுமிக்குத் திரும்பக் கை ஆட்டியிருப்பேன். ஆட்ட வேண்டும் என்று அக்காவைப் பார்த்துப் பழகிவிட்டேனே. எத்தனை முறை ஆட்ட வேண்டும் என்றுகூட மனதுக்குள் எண்ணுவேன். கேமரா அந்த எண்ணிக்கையைப் பிடிக்குமா?

மதுரை சிறப்பாசிரியை:
பிடிக்காது, பாப்பா. உங்களை மாதிரிப் பெண்களை நாங்களே எத்தனை பேரைத் தவறவிட்டிருக்கிறோம்.

கயல்அம்மா:
முடிவு என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வு என்பதால் அறையின் கணக்கு எங்கள் கைக்கு வரவில்லை. உறுதி செய்தது அதே மேஜை உளவியலாளர்தான், இரண்டாம் முறை போனபோது. அன்று அந்த மூலை விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு படப் புத்தகத்தைப் பாதி விரித்துத் தரையில் நிறுத்தி வைத்தார். இவன் மேஜைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தான்.